களிமண்ணில் மஞ்சள் ரோஜா: பண்டாரவாடைக் கொல்லையில் 27 மாதங்கள்

2023 ஆடி மாதக் கடைசியில் அத்தை கூப்பிட்டார். "ஏம்ப்பா, அந்த மஞ்ச ரோஜா போயிடும் போலருக்கு. தினம் தண்ணி ஊத்தித்தான் காப்பாத்திட்டு வரேன். ஒரு தரம் வந்து பாத்துட்டுப் போ." தஞ்சாவூர் மாவட்டத்துப் பாபநாசத்தை அடுத்த பண்டாரவாடையில் அவருடைய வீடு. முன்னால் தெரு, பின்னால் நீளக் கொல்லை, கொல்லை முடிந்ததும் வெற்றிலைக் கொடிக்கால். அந்தச் செடியைப் பிழைக்க வைக்க நாங்கள் செய்ததையும், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்பதையும் எழுதுகிறேன். இங்கிலாந்தில் உருவான இந்த மாதிரி 'இங்கிலீஷ் ரோஜா'வைக் காவிரி டெல்டாவில் வாங்கி வைத்து ஒரே வருடத்தில் பறிகொடுத்தவர்கள் எனக்குத் தெரிந்தே பத்துப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். எல்லோரும் வெயில்தான் காரணம் என்கிறார்கள். இந்தச் செடியைப் பார்த்த பிறகு நான் அதை நம்புவதில்லை.

செடி எது, அத்தை ஏன் வாங்கினார்

அத்தை வீட்டில் பன்னீர் ரோஜா எப்போதும் உண்டு. எட்வர்ட் ரோஸ் என்று நாற்றங்காலில் சொல்வார்களே, அந்த இளஞ்சிவப்பு. வாசனைக்குக் குறைவில்லை. மஞ்சள் ரோஜாவும் இரண்டு மூன்று வைத்துப் பார்த்திருக்கிறார். பார்க்க அழகு, மூக்கில் வைத்தால் ஒன்றும் இல்லை. மஞ்சளும் வேண்டும், வாசனையும் வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. 2022 ஐப்பசியில் ஒரு நாற்றங்காலில் 'கிரஹாம் தாமஸ்' என்று அட்டை மாட்டிய ஒட்டுச்செடி கிடைத்ததும் வாங்கிவிட்டார்.

மஞ்சளும் மணமும் ஒரே பூவில் சேர்வது ஏன் அரிது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. இன்றைய தோட்ட ரோஜாக்களில் அடர் மஞ்சள் வந்தது, பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் பெர்னே-டூஷே பாரசீக மஞ்சள் ரோஜாவைக் கலப்பில் சேர்த்து 1900-இல் 'சோலே தோர்' என்ற ரகத்தை வெளியிட்ட பிறகுதான். அந்தப் பாரசீகச் செடியின் தாவரவியல் பெயர் ரோசா ஃபீட்டிடா. ஃபீட்டிடா என்றால் கெட்ட நாற்றமுடையது. அதனிடமிருந்து நிறத்தோடு கூடவே இன்னொன்றும் வந்தது: கரும்புள்ளி நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும் குணம். வாசனை வேறு வழியில் வந்தது. சீனத்திலிருந்து ஐரோப்பா போன தேயிலை மண ரோஜாக்கள் வெளிர் மஞ்சளோடு மென்மையான ஒரு மணத்தையும் கொண்டுபோயின.

டேவிட் ஆஸ்டின் இங்கிலாந்தில் பழைய மண ரோஜாக்களையும் புதிய ரகங்களையும் கலக்கத் தொடங்கி, 1961-இல் தன் முதல் ரகமான 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை'யை வெளியிட்டார். அது வருடத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். 1983-இல் செல்சி மலர்க் கண்காட்சியில் வைத்த 'கிரஹாம் தாமஸ்' மறுபடி மறுபடி பூப்பது. நல்ல மஞ்சள், கிண்ணம் போன்ற வடிவம், தேயிலை மணம் எல்லாம் அதில் சேர்ந்திருந்தன. பழைய ரோஜாக்களைத் தேடிச் சேர்த்துக் காப்பாற்றிய கிரஹாம் ஸ்டூவர்ட் தாமஸின் பெயரை அதற்கு வைத்தார்கள். 2009-இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு அதை உலகின் விருப்ப ரோஜாவாகத் தேர்ந்தெடுத்தது.

அட்டையை மட்டும் நம்பி இதை எழுதவில்லை. பின்னால் வந்த பூக்களில் இதழ் எண்ணிப் பார்த்தேன், 33-லிருந்து 37 வரை இருந்தது. கிண்ண வடிவம், ஓரத்து இதழ் முதலில் வெளிறுவது, கிளை நெட்டுக்கு ஓடுவது எல்லாம் ஒத்துப்போயின.

முதலில் பார்த்தது

கொல்லையின் கிழக்கு மூலையில், துணி துவைக்கும் கல்லுக்கு ஆறடி தள்ளி நட்டிருந்தார். காலை வெயில் ஐந்து மணி நேரம் விழும், பிற்பகலில் வேப்பமர நிழல். இடத்தில் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

செடியில் மூன்று கிளைகள். ஒன்று எட்டடிக்குக் குச்சியாக ஓடி, நுனியில் மட்டும் ஒரு மொட்டு வைத்திருந்தது. மற்ற இரண்டிலும் நுனி கருகி, கருகல் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது மாதத்தில் மொத்தம் 11 பூ என்றார் அத்தை. அத்தனையும் வெளிறி, ஒரே நாளில் உதிர்ந்தவை. "வாசனைன்னு சொல்லிக் குடுத்தாங்க. ஒண்ணுமே வரல."

இலையை நிதானமாகப் பார்த்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும். கீழ் இலைகளில் கரும்புள்ளி கொஞ்சம் இருந்தது, அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. நுனியில் புதிதாக விரிந்த இலைகள்தான் கவலை தந்தன. தகடு முழுக்க எலுமிச்சை மஞ்சள், நரம்பு மட்டும் வரைந்து வைத்ததுபோல் பச்சை. தழைச்சத்துக் குறை என்றால் அடி இலை முதலில் மஞ்சளாகும். நுனி இலை இப்படி ஆனால் அது இரும்புச்சத்து. நம் மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. வேரால் அதை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஏன் முடியவில்லை என்பதே கேள்வி.

செடிக்கு ஓரடி தள்ளி ஓரடி ஆழத்துக்கு ஒரு குழி தோண்டினேன். மண்வெட்டியில் ஒட்டிய மண்ணை உருட்டினால் பிள்ளையார் பிடிக்கலாம், அப்படிப்பட்ட களி. மாலை ஐந்து மணிக்குக் குழி நிறையத் தண்ணீர் ஊற்றினோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு மூன்று விரற்கடைதான் இறங்கியிருந்தது. ரோஜாவுக்கு ஏற்ற மண்ணில் ஒரு மணி நேரத்துக்கு ஓர் அங்குலமாவது இறங்க வேண்டும்.

இந்த மண்ணைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. காவிரி வண்டல் படிந்து படிந்து, சேறு கலக்கி, தண்ணீரைப் பிடித்து நிறுத்தும்படி தலைமுறைகள் பழக்கிய மண் இது. நெல்லின் வேருக்குள் காற்றுப் போக வழி உண்டு. இலையிலிருந்து மூச்சு வேர்வரைக்கும் இறங்கும், அதனால் நெல் தண்ணீரில் நிற்கும். ரோஜா வேருக்கு அந்த ஏற்பாடு கிடையாது. மண்ணில் உள்ள இடைவெளியில் காற்று இருந்தால்தான் அது மூச்சு விடும்.

அடுத்தது தண்ணீர். அத்தை வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பானையின் உள்ளே வெள்ளையாகப் படியும். மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மண்ணின் கார அமில நிலை 8.3 என்று வந்தது. ரோஜாவுக்கு 6-க்கும் 7-க்கும் நடுவில் இருந்தால் நல்லது. தண்ணீரின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.6 டெசிசைமன்ஸ். அதாவது உப்பு. ரோஜாவுக்கு 1-ஐத் தாண்டினாலே கவனமாக இருக்க வேண்டும்.

இதற்கு மேல், வீட்டுத் தோட்டக்காரர்கள் எல்லோரும் நல்லதென்று நினைத்துச் செய்யும் ஒன்றை அத்தையும் செய்துகொண்டிருந்தார். அடுப்புச் சாம்பலும் முட்டை ஓடும் வாரம் ஒரு கை. புளிப்பு மண்ணில் அவை உதவும். ஏற்கெனவே காரமாக இருக்கும் மண்ணில் போட்டால் காரம்தான் கூடும், இரும்பு இன்னும் பூட்டிக்கொள்ளும்.

ஒவ்வொன்றாக மாற்றியது

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாமல் போய்விடும். அதனால் படிப்படியாகப் போனோம்.

முதல் படி, தண்ணீரை நிறுத்துவது. "அத்தை, ஒரு வாரம் பத்து நாளைக்கு ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க." அவருக்கு அது ஏற்கவில்லை. "ஆடி வெயில்ல செடி வாடி நிக்குது, ஊத்தாதேங்கிற." உண்மைதான், நண்பகலில் செடி வாடித்தான் நின்றது. ஆனால் அழுகும் வேரும் காய்ந்த வேரும் இலையில் ஒரே மாதிரிதான் காட்டும். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு விரற்கடைக்குக் கீழே சேறாக இருந்தது. ஒன்பது நாள் ஊற்றவில்லை. பத்தாம் நாள் நண்பகல் வாட்டம் பாதியாகக் குறைந்திருந்தது. இந்த ஆய்வில் எனக்கு மிகத் தெளிவான பதில் தந்தது அந்த ஒன்பது நாட்கள்தான்.

இரண்டாம் படி அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்பேட் என்ற இரும்பு உப்பு. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு, 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து, சாயங்காலம் இலையில் தெளித்தோம். பத்து நாளைக்கு ஒரு தடவையாக மூன்று தடவை. நுனி இலைகள் பச்சையாயின. அதற்குப் பிறகு முளைத்த இலை மறுபடி மஞ்சளாகவே வந்தது. அன்னபேதி காய்ச்சலுக்கு மாத்திரை போலத்தான். காரணம் மண்ணுக்குள் அப்படியே இருந்தது.

மூன்றாம் படி தண்ணீரை மாற்றுவது. வாய்க்கால் தண்ணீர் வரும்போது குடத்தில் எடுத்து வைத்து ஊற்றலாம் என்று நினைத்தோம். அந்த வருடம் மேட்டூரை ஜூன் 12-இல் வழக்கம்போல் திறந்தும், அணையில் தண்ணீர் இல்லாமல் அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். குறுவை போட்டவர்களே தவித்த நேரத்தில் ரோஜாவுக்கு வாய்க்கால் தண்ணீரை நம்ப முடியாது. ஓட்டுச் சார்ப்பின் தூம்பு விழும் இடத்தில் 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்தோம். ஐப்பசியில் இரண்டே மழையில் நிரம்பியது.

கொடிக்கால்காரர் சொன்னது

நிலத்தையே மாற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. எப்படி என்பதைச் சொல்லித் தந்தவர் கொல்லைக்குப் பின்னால் கொடிக்கால் வைத்திருக்கும் பெரியவர். வேலி ஓரம் நின்று நான் குழி தோண்டியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "பள்ளத்துல வெத்தல வச்சா எனக்கு ஒரு கவுளி தேறுமா? இதையும் மேல தூக்கி வைங்க" என்றார். அவருடைய கொடிக்காலைப் போய்ப் பார்த்தேன். நீள நீளமான மேட்டுப் பாத்திகள், இடையில் முழங்கால் ஆழ வாய்க்கால்கள். வெற்றிலைக்கு ஈரம் எப்போதும் வேண்டும், வேரில் தண்ணீர் நிற்கவும் கூடாது. இதே களிமண்ணில் அதைச் சாதித்துக் காட்டுகிறார்கள். நான் புத்தகத்தில் தேடிய பதில் வேலிக்கு அந்தப்பக்கம் இருந்திருக்கிறது.

2023 கார்த்திகைக் கடைசியில் மழை ஓய்ந்த ஒரு வாரத்தில் செடியைக் கிளப்பினோம். கவாத்து செய்து மூன்றடிக்குக் குறைத்து, சுற்றிலும் வெட்டித் தூக்கியபோது விஷயம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. நாற்றங்கால் பையில் இருந்த செம்மண் உருண்டை ஒரு தேங்காய் அளவுக்கு உடையாமல் அப்படியே இருந்தது. வேர்கள் அதைச் சுற்றிச் சுற்றி ஓடியிருந்தன, களிமண்ணுக்குள் போனது நாலைந்து நூல் வேர்தான். உருண்டையின் அடிப்பாகம் கன்னங்கரேலென்று இருந்தது, முகர்ந்தால் அழுகிய முட்டை வாடை. தோண்டிய குழி ஒரு சட்டி மாதிரி வேலை செய்திருக்கிறது. மேலே ஊற்றிய தண்ணீரெல்லாம் செம்மண் வழியாக இறங்கி, களிமண் சுவரில் முட்டி அங்கேயே நின்றிருக்கிறது. நட்ட நேரமும் மோசம். 2022 நவம்பரில் டெல்டா முழுக்கப் பேய் மழை, சீர்காழியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டிய மாதம் அது. ஒட்டுக்கட்டிய கணுவும் மூன்று விரற்கடை களிமண்ணுக்குள் புதைந்து, பட்டை நைந்திருந்தது.

கறுத்த வேர்களை வெட்டி எறிந்தோம். உருண்டையை வாளித் தண்ணீரில் ஊறவைத்துச் செம்மண்ணைக் கரைத்து, சுற்றிக்கொண்ட வேர்களை விரலால் பிரித்துவிட்டேன். வெட்டிய கிளை நுனிகளில் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லியைக் குழம்பாகக் குழைத்துத் தடவினோம்.

புதிய இடம் அதே மூலைதான், தரைக்கு மேலே. பழைய செங்கல்லை ஒன்றரை அடி உயரத்துக்கு, சாந்து பூசாமல் நாலடிச் சதுரமாக அடுக்கினோம். அடியில் களிமண்ணைக் கடப்பாரையால் கொத்திவிட்டு அதன்மேல் நிரப்பினோம்: செம்மண் இரண்டு பங்கு, கொல்லை மண் ஒரு பங்கு, இரண்டு வருடம் மக்கிய சாணம் ஒரு பங்கு, கருக்கிய உமி ஒரு பங்கு. உமியைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கம் அரிசி ஆலையில் உமி எளிதாகக் கிடைக்கும். வெள்ளைச் சாம்பலாகும்வரை எரிந்ததை எடுக்கக் கூடாது, அதில் காரம் அதிகம். கறுப்பாக, உருக்குலையாமல் கருகியது வேண்டும். அதையும் ஒரு மழையில் நனையவிட்டுக் கழுவிய பிறகு சேர்த்தோம். ஒட்டுக்கணுவை மண்ணுக்கு இரண்டு விரற்கடை மேலே நிறுத்தினோம். பாத்தியிலிருந்து துவைகல் வடிகாலுக்கு ஒரு சிறு வாய்க்கால் வெட்டிவிட்டோம்.

கிளையை வளைத்தது

2024 மாசியில் 9 பூ வந்தது. நிறம் தேறியிருந்தது. ஆனால் சித்திரைக்குள் ஐந்து கிளைகள் ஒன்பது பத்தடிக்கு ஓடின. இங்கிலாந்தில் நாலைந்து அடிப் புதராக நிற்கும் இந்த ரகம், சூடான ஊர்களில் கொடி ரோஜா போல ஓடும். உயரத்தில் நுனியில் மட்டும் ஒரு பூ, அதைப் பார்க்க அண்ணாந்து நிற்க வேண்டும். அத்தை வெட்டிவிடலாம் என்றார். வெட்டினால் மறுபடி அதேபோல் ஓடும், அந்தச் சக்தியெல்லாம் வீண்.

மறுபடியும் கொடிக்கால்காரர்தான். வெற்றிலைக் கொடி உயரம் போனதும் இறக்கிக் கட்டுவார்கள், அப்போதுதான் கொடி புதிதாகத் தழைக்கும். ரோஜாவிலும் அதே கணக்கு வேறு விதத்தில் நடக்கும். கிளை செங்குத்தாக நிற்கும்போது நுனி மொட்டு சுரக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் கீழே இறங்கி, பக்கக் கணுக்களை அடக்கி வைக்கும். கிளையைப் படுக்க வைத்தால் அந்த அடக்கம் தளர்ந்து, கணுவுக்குக் கணு முளை வரும்.

மூங்கிலைப் பிளந்து, பாத்தியைச் சுற்றி இரண்டரை அடி உயரத்தில் ஒரு தட்டி கட்டினோம். ஆவணியில் ஒரு சாயங்காலம் கிளைகளை ஒவ்வொன்றாக வளைத்தோம். ஒரே மூச்சில் வளைத்தால் முறிந்துவிடும். கிளையின் அடியை ஒரு கையால் பிடித்து, மறு கையால் முழம் முழமாகத் தளர்த்தி, நனைத்த வாழைநாரால் எட்டுப் போல முடி போட வேண்டும். நார் கிளையை இறுக்கக் கூடாது, ஒரு சுண்டுவிரல் நுழையும் இடம் விடணும். ஒரு கிளை முறிந்தது, நான் அவசரப்பட்டதால். மற்ற நாலும் படுத்தன. பதினெட்டாம் நாள் ஒரு கிளையில் எண்ணினேன், 14 முளைகள்.

அந்த வருடம் மேட்டூர் ஜூலை கடைசியில்தான் திறந்தது. வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது அத்தை டிரம்மை அதிலும் நிரப்பிக்கொண்டார்.

பாத்திக்கு உண்மையான சோதனை 2024 நவம்பர் கடைசியில், ஃபெஞ்சல் புயல் கடலிலேயே இழுத்தடித்த நாட்களில் வந்தது. கொல்லையில் கணுக்கால் அளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. பாத்தியில் நிற்கவில்லை. கரும்புள்ளி மட்டும் பலமாக வந்தது. இலை ஏழு மணி நேரம் தொடர்ந்து நனைந்திருந்தாலே அந்தப் பூஞ்சை உள்ளே புகுந்துவிடும், இரண்டு நாள் மழையில் கேட்கவே வேண்டாம். புள்ளி விழுந்த இலைகளை உதிர்ந்தது உட்படப் பொறுக்கி எரித்துவிட்டு, கார்த்திகைக் கடைசி வாரத்தில் கவாத்து செய்தோம். ஐப்பசியிலேயே கவாத்து செய்வதுதான் பொதுவான வழக்கம். அடைமழையில் வெட்டுவாய் நனைந்து கருகல் இறங்குவதைப் பார்த்த பிறகு, டெல்டாவில் மழை தணியும்வரை பொறுப்பதே சரி என்று எனக்குப் படுகிறது.

பூவும் வாசனையும்

2025 தை கடைசி வாரம், கவாத்து செய்து ஏறக்குறைய இரண்டு மாதம். 31 மொட்டுகள். அத்தையின் முதல் புகார் அப்போதும் தீரவில்லை. பூவை முகர்ந்துவிட்டு, "பன்னீர் வாசனை இல்லையே" என்றார். அவர் மூக்கு ஐம்பது வருடமாகப் பன்னீர் ரோஜாவுக்குப் பழகியது. இது வேறு குடும்பத்து மணம். கனமான இனிப்பு கிடையாது. டீத்தூள் டப்பாவைத் திறந்ததும் வருமே ஒரு பச்சை வாசம், அதோடு லேசான பழ மணம்.

மறுநாள் காலை ஆறரைக்கு, பனி இறங்கியிருந்தபோது, பாதி விரிந்த ஒரு பூவை இரண்டு கைக்குள் பொத்திக்கொண்டு முகரச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு நின்றார். "ம்... இருக்குப்பா. புதுசா இருக்கு." அதே பூவைப் பத்து மணிக்கு முகர்ந்தோம், பாதி மணம். மூன்று மணிக்கு ஓரத்து இதழ் வெளுத்து, மணம் அநேகமாகப் போய்விட்டது. மண எண்ணெய்கள் சூட்டில் விரைவாகப் பறந்துவிடும். பூ சுரந்து சேர்ப்பதைவிட வெயில் வேகமாக எடுத்துக்கொண்டு போகிறது. இதையே 2024 வைகாசியில் சோதித்தபோது காலை எட்டு மணிக்கே ஒன்றும் இல்லை, பூவும் தைப்பூவில் பாதிதான் இருந்தது. முதல் வருடம் வாசனை இல்லை என்று அத்தை சொன்ன பூக்களில் பாதிக்கு மேல் பங்குனிக்கும் ஆடிக்கும் நடுவில் பூத்தவை, அவர் முகர்ந்ததும் பகல் சமையல் முடிந்த பிறகு.

மாசிவரை பூத்தது. காலையில் பறித்துச் சொம்பில் வைத்தால் மூன்று நாள் நின்றது.

வெயில் பூவைச் சிறுக்க வைக்கிறது, மணத்தைப் பறிக்கிறது, செடியைக் கொல்லவில்லை. கொன்றுகொண்டிருந்தது வேரடியில் நின்ற தண்ணீர். மேடு, மழைத் தண்ணீர், சாம்பலை நிறுத்தியது ஆகிய மூன்றில் எது எவ்வளவு உதவியது என்று ஒரே செடியை வைத்துப் பிரிக்க முடியாது. ஆனால் தண்ணீர் ஊற்றாத அந்த ஒன்பது நாட்களும், உருண்டையின் அடியில் வந்த முட்டை வாடையும் ஒரே பக்கத்தைத்தான் காட்டுகின்றன.

தீராதது சிவப்புச் சிலந்திப்பேன். பங்குனி பிறந்ததும் இலையின் அடிப்பக்கம் தூள் தூவியதுபோல் வந்துவிடுகிறது. விடிகாலையில் குழாய்த் தண்ணீரை இலைக்கு அடியிலிருந்து பீய்ச்சி அடிக்கிறோம், கட்டுக்குள் இருக்கிறது. நனையும் கந்தகத்தை அந்த வெயிலில் தெளித்தால் இலை வெந்துவிடும், அதனால் அதைத் தொடவில்லை.

கோடையில் வரும் மொட்டுகளை மிளகு அளவில் இருக்கும்போதே கிள்ளிவிட்டால் செடி சக்தியைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்று சொல்லியிருக்கிறேன். அத்தை கிள்ளுகிறார், வெள்ளிக்கிழமை பூஜைக்கு என்று இரண்டை மட்டும் விட்டுவிட்டு.